பாட்டிலைத் திருப்பிப் பாருங்க

அமெரிக்காவில் இருக்கும் நம்ம பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. பசங்களை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனா, பழைய கண்ணாடிச் சாமான்கள் பக்கம் கொஞ்சம் நில்லுங்க. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி மியூசியம் மாதிரி இடங்களில், பச்சை, இளநீலம், தேன் நிறத்தில் தட்டையான குடுவைகள் இருக்கும். ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன், மறுபக்கம் கழுகு. "இதுல என்ன ஊத்துவாங்க?"ன்னு பசங்க கேப்பாங்க. பெரும்பாலும் விஸ்கிதான்!

செய்முறை சுலபம். உள்பக்கம் படம் செதுக்கிய, இரண்டாகத் திறக்கும் உலோக அச்சு. உருகிய கண்ணாடியை உள்ளே விட்டுக் குழாயால் ஊதினா, படம் அப்படியே பதிஞ்சிடும். அச்சு சேர்ந்த இடம் இரண்டு பக்கமும் கோடாத் தெரியும். பசங்களைத் தேடச் சொல்லுங்க.

ஒரு அச்சு செஞ்சா நிறைய குடுவை ஊதலாம். அதனால ஊர் யாரைப் பேசுதோ, அவர் முகம் குடுவைக்கு வந்துடும். 1824-25-ல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அமெரிக்கா முழுக்கச் சுற்றி வந்தார்; அவர் முகம் வந்தது. மெக்சிகோ போரில் பேர் வாங்கிய ஜெனரல் சக்கரி டெய்லர் முகம், வாஷிங்டனுக்கு மறுபக்கத்திலேயே வந்தது. 1848-ல் அவர் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயிச்சார்.

எனக்குப் பிடிச்ச கதை பிலடெல்பியாவின் தாமஸ் டையட். மருந்து வியாபாரி, தன்னை டாக்டர்னு சொல்லிக்கிட்டவர், கண்ணாடித் தொழிற்சாலை முதலாளி. அவர் விட்ட ஒரு குடுவையில் ஒரு பக்கம் பெஞ்சமின் பிராங்க்ளின், மறுபக்கம் அவரே! அவர் தொழிற்சாலைக் குடியிருப்பில் மது குடிக்கத் தடை. ஆனா அங்கே சிறுவர்களும் சேர்ந்து செஞ்சது விஸ்கிக் குடுவை. அப்புறம் ஒரு வங்கியும் தொடங்கினார். அது மூழ்கி, சேமிச்சவங்க பணம் போச்சு. 1839-ல் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனையும் கிடைச்சது.

இதைப் பசங்களுக்கு மறைக்காம சொல்லலாம்னு நான் நினைக்கிறேன். இங்கே வளர்ற நம்ம பிள்ளைங்க ஸ்கூல்ல கொடி, கழுகு, தலைவர் படம் எல்லாம் தினமும் பாக்கிறாங்க. அதுக்கு மரியாதை தரட்டும். கூடவே மூணு கேள்வி கேக்கவும் பழகட்டும்: இந்தப் படத்தைப் போட்டது யாரு? எதை விக்கிறதுக்கு? லாபம் யாருக்கு?

மியூசியம் போக நேரமில்லையா? உங்க சமையலறை அலமாரியிலேயே ஏதாவது டப்பாவில் ஒரு முகம் இருக்கும். அங்கேருந்து ஆரம்பிங்க.