பழங்குடிப் படவிழா: கேமரா யார் கையில்?

கனடாவின் டொரன்டோவில் கால் நூற்றாண்டாக நடக்கிறது ‘இமேஜின்நேட்டிவ்’ விழா. உலகின் பெரிய பழங்குடித் திரைப்பட, ஊடகக் கலை விழா இதுதான். பழங்குடிகளைப் பற்றிய படம் என்றால் மட்டும் இங்கே இடம் கிடைத்துவிடாது. படைப்பின் முக்கியப் பொறுப்பில் பழங்குடியினர் இருக்க வேண்டும்.

‘திறமை போதாதா, பிறப்பை ஏன் பார்க்கணும்?’ என்று கேட்கலாம். 1922-ல் வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்தை எடுத்த ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி திறமைசாலிதான். ஆனால், துப்பாக்கி பழகிவிட்ட இனுவிட் மக்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். நாயகனின் நிஜப் பெயர் அல்லாகரியல்லாக்; அதையும் மாற்றிவிட்டார். உலகம் அதை ஆவணப்படம் என்றே நம்பியது!

2001-ல் இனுவிட் இயக்குநர் சகரியாஸ் குனுக் ‘அட்டநார்ஜுவாட்’ படத்தை இனுக்டிடூட் மொழியிலேயே எடுத்தார். அதில் இனுவிட் மக்கள் வேடிக்கைப் பொருள் இல்லை. காதலிக்கிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், கொலையும் செய்கிறார்கள். கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருது அதற்குத்தான்.

யார் பழங்குடி என்பதில் சிக்கல் வராமல் இல்லை. 2020-ல் ஓர் இயக்குநரின் வம்சாவளி சர்ச்சையானதால், அவரது ஆவணப்படத்தின் விநியோகத்தைக் கனடா தேசியத் திரைப்பட வாரியம் நிறுத்தியது. அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்வது சரியில்லை. யார் தங்களவர் என்பதை அந்தச் சமூகங்களே சொல்லட்டும்.