தலைவலிதானே என்று இருந்துவிடலாமா?

திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குத் தலைவலி வந்தால் என்ன செய்வார்? மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்குவார். ஒரு டீ குடிப்பார். மறுபடியும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து விடுவார். ஒன்றரை ஷிப்ட் வேலை, பஞ்சுத் தூசி, இரவிலும் விளக்கு வெளிச்சம்! தலைவலிக்குக் காரணம் சொல்லவா பஞ்சம்?

பெரும்பாலான தலைவலி ஓய்வு எடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால், மிக அபூர்வமாக மூளையின் உள்ளறையில் வளரும் கட்டியும் இப்படித்தான் தொடங்குகிறது.

நான்கு அறைகள்

மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் தெளிந்த நீர் ஓடுகிறது. பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 500 மில்லி ஊறுகிறது. ஒரு நேரத்தில் இருப்பதோ சுமார் 150 மில்லிதான். மீதி ரத்தத்தில் கலந்து விடுகிறது.

தொட்டியின் குழாய் அடைத்தால் தண்ணீர் வெளியே வழியும். மண்டை ஓட்டில் வழிய இடம் ஏது? நீர் தேங்கி மூளையை அழுத்துகிறது. காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை இதன் அறிகுறிகள்.

பெரியவர்களுக்கு இங்கே வரும் கட்டிகளில் பல மெதுவாக வளர்பவை. கொடிய புற்று அல்ல. ஆனால் இடம் பொல்லாதது. மூன்றாவது அறையில் வரும் 'கொலாய்டு' கட்டி சிறியதுதான். அது நீரோட்டத்தைத் திடீரென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து!

கத்தி செல்லும் வழி

அமெரிக்க டாக்டர் வால்டர் டாண்டி இந்தக் கட்டியை 1921-ல் ஆபரேஷன் செய்து அகற்றினார். இந்தியாவில் 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் டாக்டர் பி.ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார்கள்.

மூளையின் இரு பாதிகளுக்கு நடுவே புகுந்து கட்டியை எடுப்பது ஒரு முறை. மேற்பரப்பைத் திறந்து செல்வது மற்றொன்று. சிறு துளை வழியாக எண்டாஸ்கோப் கருவியைச் செலுத்துவதும் உண்டு. வழியில் நினைவாற்றலுக்கான நரம்புக் கட்டு இருக்கிறது. அது பழுதானால் மறதி நிற்கும். சிலருக்கு வலிப்பு வரலாம். சிலருக்குத் தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைக்க நேரிடும்.

ஆயினும் பலன் பெரிது. கொலாய்டு கட்டியை முழுவதும் எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது. இளவயதினருக்கு வரும் 'நியூரோசைட்டோமா' கட்டியும் முழுவதும் நீங்கினால், பெரும்பாலோர் பல ஆண்டுகள் நலமாக வாழ்கிறார்கள். மிச்சம் இருந்தால் கதிர்வீச்சு உதவும்.

எது தடை?

மூளை ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகள் சுமார் 50 கிலோமீட்டரில், கோவையில் இருக்கின்றன. திருப்பூரிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இன்று தடை தூரம் அல்ல, காலதாமதம்! ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். அதனால் மாதங்கள் ஓடுகின்றன, பார்வையும் போகிறது.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிகிச்சையும் உண்டு. ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு. சம்பள வரம்பு 2017-ல் ரூ.21,000 ஆனது. ஆனால் பீஸ் ரேட்டிலும் காண்ட்ராக்டிலும் உழைக்கும் பலரின் பெயர் பதிவேட்டிலேயே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பத்தின் ஆபரேஷன் செலவைத் தாங்கும். போன கூலியைத் தராது.

விலையுயர்ந்த ஸ்கேனுக்கு முன் ஒரு எளிய சோதனை உண்டு. கண் டாக்டர் விழியின் உட்புறத்தைப் பார்த்தால், பலருக்கு நரம்பு வீக்கம் அங்கேயே தெரிந்துவிடும். காலைத் தலைவலியோடு வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், கண்ணாடி மாற்றுவதோடு நிறுத்த வேண்டாம். தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது முதலாளியின் கடமை. அந்த ஒரு வரி, ஓர் உயிரைக் காக்கும்!