பல்லில் நஞ்சும் பயிற்சியில் தெளிவும்

பல் போனால் சொல் போகும் என்பது நம் முதுமொழி. அப் பல்லைக் காக்கப் புகுந்தவர் கையிலேயே நஞ்சு இருப்பின் என் செய்வது? இக் கேள்வியே மேலை நாடுகளில் 'முழுமைப் பல்மருத்துவம்' என்றும் 'உயிரியற் பல்மருத்துவம்' என்றும் பெயர் பூண்டு, பல்மருத்துவர்க்குரிய தனிப் பயிற்சிகளாக வளர்ந்துள்ளது. அவற்றுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளிநிறக் கலவையில் ஏறத்தாழச் சரிபாதி, பாதரசம் என வழங்கும் இதளே. எஞ்சியவை வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியன. இதற்கு எதிர்ப்பு புதிதன்று. 1840இல் அமெரிக்காவில் தோன்றிய பல்மருத்துவர் கழகம், இக் கலவையைத் தொடுவதில்லை என உறுப்பினரிடம் உறுதிமொழி கேட்டது. அப் பூசலில் நலிந்து 1856இல் கலைந்தது. மலிவும் உறுதியும் அன்று வென்றன.

இன்று நிலை வேறு. சப்பானின் மினமாட்டா ஊர்ப்பெயரைத் தாங்கி 2013இல் எழுந்த இதள் உடன்படிக்கை, 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2018இல் இந்தியாவும் அதில் இணைந்தது. 15 அகவைக்குட்பட்ட சிறார்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் இக் கலவையை, மருத்துவர் இன்றியமையாததெனக் கருதினாலன்றி, விலக்குக என அவ் வுடன்படிக்கை நாடுகள் 2022இல் முடிவு செய்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல் சிறு விலக்குகள் தவிர இதனை நிறுத்திவிட்டது. 2034ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் ஒழிப்பதென 2025 நவம்பரில் செனீவாவில் முடிவாயிற்று.

ஆகவே, பழைய அடைப்பைத் தீங்கின்றி அகற்றும் முறை ஒவ்வொரு பல்மருத்துவரும் கற்கவேண்டிய கைத்தொழிலாகும். பல்லைச் சுற்றி இரப்பர்த் திரை கட்டுதல், நீரை மிகுதியாகப் பாய்ச்சுதல், ஆவியையும் துகளையும் வலிய உறிஞ்சியால் இழுத்தல், பொடியாக்காமல் துண்டுகளாக வெட்டி எடுத்தல், கழிவு சாக்கடையில் கலவாமல் பிரித்தல் ஆகியவற்றை அப் பயிற்சிகள் கற்பிக்கின்றன. இது நன்று, கொள்ளத்தக்கது.

ஆயின் இதனோடு பதரும் கலந்து வருகின்றது. வேர்க்குழல் மருத்துவம் செய்த பல்லெல்லாம் உடல்நோய்க்கு ஊற்று. ஆகலின் பிடுங்குக என்பாரும் அங்குளர். இக் கொள்கை பழையது. 1910இல் கனடாவில் வில்லியம் அண்டர் என்னும் மருத்துவர் ஆற்றிய உரைக்குப் பின், வாயே நோயின் விளைநிலம் எனக் கருதி எண்ணற்ற பற்களைப் பிடுங்கினர். நோய் தீர்ந்தபாடில்லை, ஆய்வில் அக் கொள்கையும் நிற்கவில்லை. நன்னிலையிலுள்ள அடைப்பை அச்சத்தால் தோண்டுவதும் அத்தகையதே. தோண்டும்பொழுது எழும் ஆவி மிகுதியாகலின், தக்க மருத்துவத் தேவையின்றி அகற்றற்க என்றே 2020இல் அமெரிக்க மருந்துத்துறை அறிவுறுத்தியது.

நம் சித்தர் இதளைக் கையாண்டனரே எனச் சிலர் பெருமை பேசக்கூடும். கையாண்டவர், தூய்மை செய்யாது தொடற்க என்றே விதித்தனர். பழமையால் நஞ்சு அமிழ்தாகாது. புதுமையால் பொய் மெய்யாகாது.

நாம் கேட்பது இரண்டு. ஒன்று: காக்கும் இக் கைத்தொழில், பணம் படைத்த மருத்துவர் வாங்கும் தனிச் சான்றிதழாக நில்லாமல், கல்லூரிதோறும் கட்டாயப் பாடமாதல் வேண்டும். மற்றொன்று: பல்லில் வைப்பது எது, எடுப்பது ஏன் என்பதை நோயாளிக்கு அவர்தம் தாய்மொழியில் விளக்கும் திறனும் அப் பாடத்தில் அடங்கவேண்டும். ஆங்கிலத்திலேயே கற்று ஆங்கிலத்திலேயே எழுதித்தரும் மருத்துவர்முன், வாய் திறந்து கிடக்கும் தமிழன் வாய்பேசாதவனாகின்றான். அவன் வாய்க்குள் நடப்பதை அவன் அறிதல் அவனுக்குரிய உரிமை.

பல்லைக் காப்போர் சொல்லையும் காக்க!