உட்கார ஒரு முக்காலி

காந்திபுரம் கிராஸ்கட் சாலையில் இரவு ஷட்டர் இறக்கும் நேரத்தில் சற்று நின்று பாருங்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை ஊழியர்கள் பஸ் நிலையத்தை நோக்கி நடந்து போவார்கள். அவர்களில் சிலர் குதிகாலை ஊன்ற முடியாமல் விந்தி விந்திப் போவார்கள். காலையில் கடை திறந்தது முதல் நின்ற கால்கள் அவை. கல்லாவில் மெத்தை நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் கண்ணில் இது எளிதில் படுவதில்லை.

நடப்பதைவிட ஒரே இடத்தில் நிற்பது காலுக்குக் கேடு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, கணுக்கால் வீங்குகிறது. நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்ளவும் கூடும். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த நாரும் நொந்துபோகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கையில் குதிகாலில் சுரீர் என்று குத்துவது பெரும்பாலும் இதனால்தான். கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்கச் சொல்லும் நம் கடை வழக்கம் இதை மேலும் வளர்க்கிறது.

இதற்கு வைத்தியம் பெரிய செலவில்லை. குதிகாலுக்கு மெத்தென்ற செருப்பு, நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு, மாற்றி மாற்றிக் கால் வைக்க ஒரு சிறு பலகை. சுவரைப் பிடித்து ஒரு காலைப் பின்னே நீட்டி, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையில் படும்படி அரை நிமிடம் நிற்கலாம். காலுக்கு மூன்று முறை போதும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலி தணிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்குப் பாதம் மரத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து உட்காருவது. இது நாம் போடும் பிச்சையன்று. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. அண்டை மாநிலமான கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி, 2018-லேயே இந்த உரிமையைப் பெற்றனர். இங்கிலாந்திலோ 1899-லேயே மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் வந்துவிட்டது.

"ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் மதிக்கமாட்டார்" என்பார்கள் நம்மில் சிலர். வாடிக்கையாளர் உள்ளே வரும்போது எழுந்து வணக்கம் சொல்ல யாருக்கும் தடையில்லை. கால் வலியோடு நிற்பவர் முகத்தில் சிரிப்பு வராது. பத்தாவது புடவையை எடுத்துக் காட்டவும் மனம் வராது. நஷ்டம் யாருக்கு?

இன்னொரு பழக்கத்தையும் நாம் விட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கென்று மூலையில் நாற்காலியை அடுக்கி வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தவரை முறைத்துப் பார்ப்பது. சட்டம் கேட்பது நாற்காலியை. ஊழியருக்கு வேண்டியது அதில் உட்கார நம் சம்மதம்.

தீபாவளி வியாபாரத்துக்குக் காத்திராமல், இந்த வாரமே ஒரு நாள் நாம் கல்லாவை விட்டு இறங்கி, கடை மூடும்வரை கவுண்டரில் நின்று பார்ப்போம். மறுநாள் முக்காலி வாங்க யாரும் சொல்ல வேண்டியிராது.