எட்டு மடங்குக்கு முன்னால் ஒரு சீட்டு

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரூராட்சித் தேர்தல் முடிந்த கையோடு, வேட்பாளர்கள் ஒப்படைத்த செலவுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரே வார்டில் நின்ற ஏழு பேரின் கணக்குகளை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஏழும் ஒரே கையெழுத்து. ஏழிலும் தேநீர் ஒரே விலை, ஆட்டோ வாடகை ஒரே தொகை. மொத்தச் செலவு மட்டும் உச்சவரம்புக்குள் நூறு இருநூறு முன்பின்னாக இருந்தது. அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்தான் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வென்றவருக்கும் அவரே, டெபாசிட் போனவருக்கும் அவரே. நான் முத்திரை குத்தினேன். கணக்கு உரிய நாளுக்குள் வந்ததா என்பதுதான் விதியின் கேள்வி. ஏழும் வந்திருந்தன.

உள்ளாட்சித் தேர்தல் பிரசாரத்துக்கு அரசே பணம் தரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த ஏழு கணக்குகள் நினைவுக்கு வந்துவிடும். நம் கருத்தரங்குகளில் இந்தப் பேச்சு தொகையில் தொடங்கித் தொகையிலேயே முடிகிறது. எவ்வளவு கொடுப்பது, எந்தக் கருவூலத்திலிருந்து, யாருக்கு? உடனே யாராவது ஒருவர் எழுந்து நியூயார்க் நகரத்தைச் சொல்வார். அங்கே ஒரு டாலருக்கு எட்டு டாலர் தருகிறார்கள் என்பார். அரங்கம் வியக்கும். அந்த எட்டு டாலர் கைக்கு வருவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எந்த அரங்கிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கணக்குப் பார்ப்பவர்களாகிய நமக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

அந்த ஏற்பாடு ஊழலில் பிறந்தது. 1986-இல், வாகன நிறுத்த அபராதங்களை வசூலிக்கும் ஒப்பந்தங்களுக்காக நகர அரசியல்வாதிகளுக்குக் கையூட்டு போயிருந்தது வெளிவந்தது. குவீன்ஸ் பகுதியின் தலைவராக இருந்த டொனால்டு மேன்ஸ் அந்த ஆண்டு மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். 1988 பிப்ரவரியில் மேயர் எட் காச் பிரசார நிதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் பிரசார நிதி வாரியத்தை நகரத்தின் சாசனத்திலேயே ஏற்றினார்கள். வாரியத்தில் ஐந்து பேர். இருவரை மேயரும் இருவரை நகர மன்றத்தின் தலைவரும் நியமிக்க வேண்டும். அந்தந்த இருவரும் ஒரே கட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது. வாரியத்தின் முதல் தலைவராக வந்தவர் ஃபோர்டம் பல்கலைக்கழகத் தலைவரும் இயேசு சபைப் பாதிரியாருமான ஜோசப் ஓ'ஹேர். 2003 வரை அவரே இருந்தார்.

திட்டம் எளிமையானது. வேட்பாளர் விரும்பினால் சேரலாம். சேர்ந்தால் செலவுக்கு உச்சவரம்பை ஏற்க வேண்டும், ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பதிலுக்கு, நகரவாசிகள் தரும் சிறு நன்கொடைகளுக்கு நகரம் இணைநிதி தரும். 1989-இல் அது ஒன்றுக்கு ஒன்று. பிறகு நான்காகி, ஆறாகி, 2018 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின் எட்டானது. நகர மன்ற வேட்பாளருக்கு ஒரு நபரின் நன்கொடையில் முதல் 175 டாலருக்கும், மேயர் வேட்பாளருக்கு முதல் 250 டாலருக்கும் இணை கிடைக்கும். ஒரு பாட்டி தரும் 10 டாலர் இப்படி 90 ஆகிறது. மன்ற வேட்பாளர் முதலில் தன் தொகுதிக்குள்ளேயே 75 பேரிடம் வாங்கியிருக்க வேண்டும். 2021-இல் மன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 1,90,000 டாலர். அதில் 1,68,888 வரை நகரத்தின் பணமாக இருக்கலாம். அந்தத் தேர்தலில்தான் நகர மன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மை ஆனார்கள், முதல் தெற்காசிய உறுப்பினர்களும் உள்ளே வந்தார்கள். பதவிக்கால வரம்பால் பல இடங்கள் காலியானதும் அதற்கு ஒரு காரணம். நிதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். அதை எண்ணாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இனி சீட்டுக்கு வருவோம். பாட்டி அந்த 10 டாலரை நோட்டாகக் கொடுத்தால் அவரிடம் ஒரு நன்கொடைச் சீட்டு நிரப்பி வாங்க வேண்டும். பெயர், முகவரி, கையொப்பம். இது என் சொந்தப் பணம், இதை எனக்கு வேறு யாரும் திருப்பித் தரவில்லை, தரப்போவதும் இல்லை என்ற உறுதிமொழியும் அதில் அச்சாகியிருக்கும். கையொப்பம் விட்டுப்போனால் அந்தப் பத்துக்கு எண்பது வராது. வேட்பாளர் நல்லவர், பாட்டி நல்லவர் என்பதெல்லாம் வாரியத்துக்குத் தெரியாது. அதன் முன்னால் இருப்பது சீட்டு மட்டும்.

இவ்வளவு கறார் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 2021 மேயர் தேர்தலில் திட்டத்தில் சேர்ந்த வேட்பாளருக்கு ஒருவர் 2,000 டாலர் வரை தரலாம். ஒரு ஒப்பந்ததாரர் 2,000 டாலரைத் தன் பெயரிலேயே கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 250-க்கு மட்டுமே இணை, ஆக வருவது 2,000. அதே தொகையைத் தன் கடையில் வேலை பார்க்கும் எட்டுப் பேரிடம் ஆளுக்கு 250 என்று பிரித்துக் கொடுத்து, அவர்கள் பெயரில் செலுத்தச் சொன்னால்? வருவது 16,000. பினாமியால் நம் ஊரில் சொத்து மறைகிறது என்றால், அங்கே பினாமியால் சொத்து பெருகுகிறது, அதுவும் பொதுமக்கள் பணத்தில். விகிதம் ஏற ஏறப் பாட்டியின் பத்து டாலருக்கு மதிப்புக் கூடுகிறது, போலிப் பெயருக்கும் அதே அளவு கூடுகிறது. விகிதத்தை உயர்த்தும் ஒவ்வொரு தீர்மானத்தோடும் தணிக்கை ஊழியர் எண்ணிக்கையை உயர்த்தும் தீர்மானமும் சேர்ந்தே நிறைவேற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாரியத்தின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நாள் 1993 அக்டோபரில் வருகிறது. அப்போது பதவியில் இருந்த மேயர் டேவிட் டிங்கின்ஸ் மறுதேர்தலுக்கு நின்றார். அவருடைய பிரசாரம் செலவு வரம்பை மீறியதாக வாரியம் முடிவு செய்து, வாக்குப்பதிவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே 3,20,000 டாலர் தண்டம் விதித்தது. மேயரே உறுப்பினர்கள் சிலரை நியமிக்கும் வாரியம்! டிங்கின்ஸ் அந்தத் தேர்தலில் சிறு வித்தியாசத்தில் தோற்றார். வென்ற ஜூலியானியின் பிரசாரமும் பின்னாளில் வரம்பு மீறிய நன்கொடைகளுக்காக வாரியத்திடம் சிக்கியது.

20 ஆண்டு கழித்து, 2013 ஆகஸ்டில், மேயர் பதவிக்கு நின்ற ஜான் லியூவுக்கு வாரியம் இணைநிதியை முற்றாக மறுத்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் அவருடைய முன்னாள் பொருளாளரும் நிதி திரட்டிய ஒருவரும் பினாமி நன்கொடை வழக்கில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகியிருந்தார்கள். லியூ மீது குற்றச்சாட்டு ஏதும் பதிவாகவில்லை. வழக்கறிஞர்கள் கேட்கும் அளவுகோலும் நாம் கேட்கும் அளவுகோலும் வேறு என்பதை இந்த முடிவு காட்டுகிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் குற்றம் ஐயமற நிரூபணமாக வேண்டும். பொதுப் பணத்தைக் கொடுப்பதற்குச் சீட்டுகளை நம்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும். 2024 டிசம்பரில் மேயர் எரிக் ஆடம்ஸுக்கு நிதி மறுத்தபோதும் இதே நிலைப்பாடுதான். அவர் மீதான கூட்டாட்சி வழக்கு 2025 ஏப்ரலில் நீதிமன்றத்தால் தள்ளுபடியானது. ஆடம்ஸ் குற்றத்தை எப்போதும் மறுத்தே வந்தார். வழக்குப் போன பிறகும் வாரியம் நிதியைத் திறந்துவிடவில்லை.

இந்த இரண்டு மறுப்புகளிலும் பொதுவாக இருப்பது, நிறுத்தியது பணம் போவதற்கு முன்னால் என்பது. நம் தணிக்கைப் பழக்கம் இதற்கு நேர்மாறு. பணம் போய், வேலை முடிந்து, சம்பந்தப்பட்டவர் பணி ஓய்வும் பெற்ற பின் தடை எழுப்புவோம்.

வாரியத்தின் மீது குறை இல்லாமல் இல்லை. தேர்தலுக்குப் பிந்தைய தணிக்கை அங்கே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பெரிய வேட்பாளர்கள் இதற்கென்றே தனித் தொழில்முறைக் கணக்காளர்களை வைத்துக்கொள்கிறார்கள். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு முதன்முறை நிற்கும் ஒருவருக்குப் பொருளாளர் பெரும்பாலும் நண்பரோ சக ஊழியரோதான். தோற்ற பிறகு மூன்று ஆண்டு முன்னால் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தின் ரசீதைத் தேடி அலைபவரும் அவரே. புதியவர்களைக் கொண்டுவருவதற்காகப் போட்ட திட்டத்தின் சுமை புதியவர் தலையில்தான் அதிகம் இறங்குகிறது. இதற்குத் தீர்வு தணிக்கையைத் தளர்த்துவது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தேர்தல் நடக்கும்போதே சீட்டுகளைப் பார்த்துப் பிழையைச் சொல்லிவிட்டால், மூன்று ஆண்டு கழித்துத் தேட வேண்டியது பாதியாகும். அதற்கு ஆள் வேண்டும்.

சியாட்டில் வேறு வழியில் போனது. 2015 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற திட்டத்தின்படி, தகுதியுள்ள நகரவாசி ஒவ்வொருவருக்கும் 25 டாலர் மதிப்புள்ள நான்கு வவுச்சர்கள் தபாலில் வரும். விரும்பும் வேட்பாளருக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். செலவு சொத்து வரியிலிருந்து. கையில் பத்து டாலர்கூட இல்லாதவரும், குடியுரிமை இல்லாத நிரந்தரக் குடியேறியும்கூட நன்கொடையாளர் ஆகிவிடுகிறார் என்பதால் பினாமிக்கு அங்கே வேலை குறைவு. போலிக் கையெழுத்துதான் பயம். அதை மாவட்டத் தேர்தல் அலுவலகம் வாக்காளர் கோப்பில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆனால் தபாலில் வந்த வவுச்சரை எடுத்துக் கையெழுத்திடுபவர்கள் சிறுபான்மைதான். 2019-இல் அமேசான் நிறுவனம் சுமார் 15 லட்சம் டாலரை வணிகர் சங்கத்தின் தேர்தல் குழுவுக்குக் கொடுத்து, வவுச்சர்கள் அனைத்தையும் நிழலாக்கப் பார்த்தது. அது ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள் என்பது வேறு கதை.

வெளிப்பணத்தை இந்தத் திட்டங்களால் தடுக்க முடியாது. செலவுக்குக் கட்டாய வரம்பு கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. எதிராளி அதிகம் செலவழித்தால் நமக்குக் கூடுதல் நிதி என்ற ஏற்பாட்டையும் 2011-இல் அரிசோனா வழக்கில் ரத்து செய்தது. 2009-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் மைக்கேல் புளூம்பெர்க் திட்டத்தில் சேராமலேயே சொந்தப் பணம் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். 2025 மேயர் தேர்தலில் ஆண்ட்ரூ குவோமோவுக்காக ஒரு வெளிக்குழு 2 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்தக் குழுவும் அவருடைய பிரசாரமும் கைகோத்திருக்கலாம் என்று கருதிய வாரியம், அவருக்குப் போக வேண்டியதில் 6 லட்சம் டாலருக்கு மேல் பிடித்துவைத்தது. எதிரில் நின்ற ஸோஹ்ரான் மம்தானியோ மார்ச் மாதமே ஆயிரக்கணக்கான சிறு நன்கொடைகளால் வரம்பைத் தொட்டுவிட்டு, இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம் என்று காணொளி வெளியிட்டார். வேட்பாளர் ஒருவர் பணம் போதும் என்று சொல்லிக் கேட்பது நம் தொழிலில் அரிது.

நம் பக்கம் திரும்பினால், அரசு நிதி பற்றிய பேச்சு பெரும்பாலும் 1998-இன் இந்திரஜித் குப்தா குழுவோடு நிற்கிறது. பணமாகத் தராமல் பொருளாகவும் வசதியாகவும் தரலாம், அதுவும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும் என்றது குழு, சுயேச்சைகளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. சட்டத்தின் கண்ணில் அங்கே நிற்பவர்கள் எல்லாருமே சுயேச்சைகள். குழுவின் பரிந்துரையை அப்படியே நிறைவேற்றினாலும் ஓர் ஊராட்சி வேட்பாளருக்கும் ஒரு ரூபாய் போகாது. 2019 ஊரகத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்குச் செலவு வரம்பு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 34,000. இந்த அளவுகளில் அரசு ஈடு செய்வது கருவூலத்துக்குப் பெரிய சுமை ஆகாது. உண்மையான செலவு இந்த வரம்புகளுக்கு எத்தனை மடங்கு என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது அரசு நிதியால் ஒழியும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இரவில் கவரில் போகும் பணம் எந்தக் கணக்கு வழியாகவும் வருவதில்லை. அரசு நிதியை எட்டு மடங்காக்கினாலும் பூஜ்யமாக்கினாலும் அந்தப் பணத்துக்குத் தெரியாது. 2019-இல் தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் சில ஊர்களிலிருந்து செய்தி வந்ததே, அங்கெல்லாம் ஏலம் எடுத்தவர் போட்டியின்றித் தேர்வாவார். பிரசாரச் செலவு என்று ஒன்றும் இருக்காது. அவர் ஒப்படைக்கும் கணக்கில் தணிக்கையாளர் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாது.

அரசு நிதி எதற்கு உதவும் என்றால், கூலி வேலை பார்க்கும் ஒரு பெண் இட ஒதுக்கீட்டு வார்டில் தன் பெயரில் நிற்க, நோட்டீஸ் அடிக்கவும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டவும் ஊர்ப் பெரியவரிடம் கைநீட்டாமல் இருக்க உதவும். அது போதுமான காரணம். ஆனால் அவருக்கு 100 ரூபாய் கொடுத்தவர் யார் என்று ஒரு சீட்டில் இருக்க வேண்டும், அந்தச் சீட்டை வாக்குப்பதிவுக்கு முன் யாராவது பார்த்திருக்க வேண்டும். இன்று தேநீர்க் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. 100 ரூபாய் யார் போனிலிருந்து வந்தது என்பது தெரியும். யார் பணம் என்பது தெரியாது. எட்டுப் போன் இருந்தால் எட்டுப் பெயர். ஆகவே வேட்பாளருக்கு ஒரு வங்கிக் கணக்குத் தொடங்குவதோடு நிற்காமல், பத்தில் ஒரு நன்கொடையாளரையாவது நேரில் போய்க் கேட்கும் ஊழியர் வேண்டும். 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் இல்லாத இடைவெளிதான் விதிகளை எழுத வசதியான காலம். தேதி அறிவித்த பிறகு எல்லாரும் ஓட்டப்பந்தயத்தில் இருப்பார்கள்.

அந்த ஏழு கணக்குகளை நான் இரண்டாம் முறை புரட்டிப் பார்த்தது முத்திரை குத்திய பின்னர்தான். பசை, நூல், கோந்து வரை எழுதியிருந்தார் ஜெராக்ஸ் கடைக்காரர். ஒரு கணக்கு எழுத அவர் என்ன வாங்கினாரோ, அந்தச் செலவு ஏழிலும் இல்லை.