பன்றிக்கு ரைபிள் வாங்கலாமா என்று கேட்ட மாணவருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் மன்னார்புரம் வீட்டுக்கு வந்தார். துறையூருக்கு அந்தப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார். மக்காச்சோளம், ஓரமாகக் கொஞ்சம் மரவள்ளி. பள்ளியில் என்.சி.சி.யில் என்னிடம் .22 ரைபிள் பிடிக்கக் கற்றவர். 25 கஜத்தில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் போட்டவர். காபி டம்ளரைக் கீழே வைத்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், கையில ஒன்றரை லட்சம் இருக்கு. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல ராத்திரி பன்னி வந்து உழுதுட்டுப் போயிடுது. போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒண்ணு, விலை குறைச்சலா, நல்லதா, எது வாங்கலாம்? நீங்கதான் சொல்லணும்."

துப்பாக்கியைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் நிறுத்தாமல் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் பேசினேன். ஆனால் அவர் எழுந்து போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். "ரைபிள் தோதுப்படலேன்னா பக்கத்துக் காட்டுக்காரர் சொன்ன மாதிரி மோட்டார் ரூம்லேர்ந்து கம்பி இழுத்துட வேண்டியதுதான் சார்." அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் கடைக்குப் போனால் குறைந்த விலை போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் பத்து விதமாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். இங்கே அந்தத் தேர்வே கிடையாது. 1980-களில் சாதாரண ஆட்களுக்கான இறக்குமதி நின்றுபோனது. அதற்கு முன்பே வந்துசேர்ந்த பழைய மவுசர், வின்செஸ்டர் எல்லாம் கைமாறிக் கைமாறி, நகை விலைக்குப் போகின்றன. சிக்கனக்காரருக்கு மிஞ்சுவது அரசு தொழிற்சாலை செய்யும் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள்தான். வங்காளத்து இஷாப்பூரில் செய்வது. என்.சி.சி.யில் நீங்கள் தூக்கிக்கொண்டு நடந்த .303-இன் அதே லீ என்ஃபீல்டு உடம்பு. ஐந்து தோட்டா மேகசின். பட்டாளத்துத் தோட்டா சனங்கள் கையில் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் .303-ஐத் தடுத்தான். அந்தத் தடையைச் சுற்றிப் போகப் பிறந்ததுதான் .315. வெள்ளைக்காரன் போனான், தடை போகவில்லை.

"துப்பாக்கி பேக்டரியே நம்ம ஊர்ல இருக்கே, அங்கேயே வாங்கிக்கலாமா சார்?" என்று இன்னொருவர் முன்பு கேட்டார். 1966-இல் தொடங்கிய நம் திருச்சித் தொழிற்சாலை முக்கியமாகப் படைகளுக்கான துப்பாக்கி செய்கிற இடம். பேக்டரி வாசலில் போய் நின்றால் உரிமம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

பழைய .315 வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், என்ன இருந்தாலும் கேட்ட கேள்வி. போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். உள்ளே முறுக்குவரிகள் கூர்மையாக, கண்ணாடி போலத் தெரிய வேண்டும். பழைய தோட்டாக்களின் பிரைமரில் உப்பு இருந்தது. சுட்ட அன்றே சுடுதண்ணீர் விட்டுக் கழுவாதவர்களின் குழல் அம்மைத் தழும்பு விழுந்தது போல இருக்கும். போல்ட்டில் அடித்திருக்கும் எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட் என்றால் தோட்டா சரியாக அமராது. வெடிக்கும்போது முகத்துக்கு நேரே இருப்பது அதுதான். குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட காயம் இருந்தால் குறி தப்பும். கட்டையில் கைப்பிடிக்குப் பின்னால் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வார்னிஷ் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைசியாக, உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு துப்பாக்கி எண் ஒத்துப்போக வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் .315 நல்ல ரைபிள். பன்றிக்குத் தாராளமாகப் போதும். (.22 போதாதா என்று கேட்காதீர்கள். அது பன்றியைக் காயப்படுத்தி வேதனையோடு ஓடவிடும். அதைவிடப் பாவம் இல்லை.)

ஆனால் வாங்கி என்ன செய்வது?

என் மாமனார் மணப்பாறைப் பக்கம் நிலம் வைத்திருந்தவர். 1960-களில் உரிமம் எடுத்து .315 வாங்கினார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதோடு அந்த ரைபிள் ஓய்வு பெற்றுவிட்டது, என்னைவிட முப்பது வருஷம் முன்னாலேயே. அதற்குப் பிறகு அது வெளியே வந்தது இரண்டே காரணத்துக்காக. ஒன்று ஆயுதபூஜை: சந்தனம், குங்குமம் வைத்துப் பழைய வேட்டியில் சுற்றி மறுபடி உள்ளே போய்விடும். மற்றொன்று தேர்தல். ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிந்த பிறகு திரும்பப் போய் வாங்கிவர வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் உரிமம் புதுப்பிக்க அலைச்சல். ஒரு குண்டும் சுடாத துப்பாக்கிக்கு அந்த மனிதர் தேய்த்த செருப்பு எத்தனையோ.

அவர் காலமானதும் ரைபிளை விதிப்படி உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்தோம். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு உரிமம் கேட்கலாம். எனக்கு ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு என்னைவிட ஆசை. அவருக்கு அது அப்பாவின் தோள் வாசனை. இரண்டு மாதம் யோசித்தேன். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு. பூட்டும் பெட்டி, சாவி, ஊருக்குப் போகும்போது அதை எங்கே வைப்பது என்ற கவலை. கடைசியில் கடைக்காரருக்கே விற்றுவிட்டேன். வந்த தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. தோல் வாரை மட்டும் அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

தம்பி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சட்டத்தை நீ குழப்பிக்கொள்கிறாய். உன்னைப் போலப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் என்று ஒரு வாசகம் உண்டு. அதுகூட ரைபிளுக்கு இல்லை, வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு. அந்த உரிமம் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொள்ளத்தான். பன்றியைச் சுடலாமா என்று சொல்வது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். உயிருக்கு ஆபத்து வந்து தற்காத்துக்கொண்டால் அது இடம் கொடுக்கிறது. சோளக்கதிரைக் காக்க, வனத்துறை அனுமதி இல்லாமல் நீயாகச் சுட இடம் கொடுக்கவில்லை.

2025 ஜனவரியில் அரசு அறிவித்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பாய். காட்டெல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறைதான். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. உன் வரப்பில் நின்றால் காட்டு மரத்தில் குரங்கு உட்கார்ந்திருப்பது தெரியும் என்று நீயே சொன்னாய். அப்படியென்றால் உன் நிலத்தில் வனத்துறையே சுடாது. உன் ஒன்றரை லட்ச ரூபாய் ரைபிள் அங்கே என்ன செய்யும்? கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு கொடுத்து, உரிமம் உள்ளவர்களை வைத்துச் சுட வைக்கிறார்கள். இங்கேயும் அப்படி வரலாம், வரட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். விவசாயி ராத்திரி முழுக்கத் தகர டின் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பட்டணத்தில் இருந்துகொண்டு ரசிக்க முடியாது. ஆனால் நாளைக்கு வரப்போகும் உத்தரவை நம்பி இன்றைக்கு ரைபிள் வாங்குவது, பெண் பார்க்கும் முன் பத்திரிகை அடிக்கிற கதை. போதாததற்கு, .315 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். இருட்டில், சோளக்காட்டில், அந்தப் பக்கம் யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சரி, கம்பி. அதை மட்டும் செய்யாதே. மோட்டார் அறையிலிருந்து இழுக்கும் கம்பியில் ஓடுவது நிற்காத மின்சாரம். தொட்டவனின் தசை இறுகிக் கம்பியை விடாது. நெஞ்சு நின்றுவிடும். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளி பக்கம் இப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் விழுந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. யானைக்கே அந்தக் கதி என்றால், மடை மாற்ற விடியற்காலையில் வெறுங்காலோடு வரும் உன் அண்ணன் மகனுக்கு? அவுட்டுக்காய் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு சகவாசமே வேண்டாம்.

சூரிய மின்வேலி வேறு சமாச்சாரம். பத்தாம் வகுப்பில் நடத்தியதை நினைவுபடுத்திக்கொள். அதில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் வினாடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் பாயும். உதறும், கொல்லாது. அடுத்த துடிப்பு வருவதற்குள் தொட்டது கையையோ மூக்கையோ எடுத்துவிடும். பன்றிக்கு அடிக்கம்பி முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், அது மூக்கால்தான் தேடி வரும். கம்பியில் புல் படாமல் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டால் மின்சாரம் புல் வழியாகப் பூமிக்குப் போய்விடும். காட்டை ஒட்டிய நிலம் என்பதால், 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும். மின்சார வாரியக் கம்பியை அதில் இணைக்கவே கூடாது.

சுடுகிற ஆசைதான் உள்ளூர இருக்கிறது என்றால், அதில் தப்பில்லை, எனக்கும் இருக்கிறது. கே.கே.நகர் ஆயுதப்படை வளாகத்து ரைபிள் கிளப்புக்கு வா. 2022 ஜூலையில் நடிகர் அஜித் மாநிலப் போட்டிக்கு வந்து சுட்ட அதே இடம். கூட்டத்தில் சிக்கி நான் மன்னார்புரம் சிக்னலிலேயே நின்ற நாள். ஏர் ரைபிள் .177 அளவில், 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் உரிமமே வேண்டாம். உன் கை இன்னும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்போம்.

மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 440 மீட்டர். உன் நிலம் சதுரமில்லை, மேற்கே ஓடை வளைந்து போகிறது என்றாய். வருகிற ஞாயிறு காலை முதல் பேருந்தில் நாடாவோடு நானே வருகிறேன். சிட்டா நகலும் புலப்படமும் எடுத்து வை. வனத்துறை அலுவலகத்தில் கொடுக்க மனு எழுதிக்கொண்டு வருகிறேன். அதுவரை அந்தக் கம்பிச் சுருளை எடுத்துப் பரண் மேல் போடு.