பூட்டும் பொறுப்பும்

ஒரே ஏட்டில் இருவர் ஒரே வேளையில் எழுதினால் என்ன ஆகும்? எழுத்தும் கெடும், ஏடும் கெடும். ஊர்களை இணைக்கும் கணினி வலைப்பின்னலிலும் இதே இடர் உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

திண்டிவனத்தில் ஒரு பொறியாளர், விழுப்புரத்தில் மற்றொருவர். இருவரும் தத்தம் இடத்திலிருந்தே ஒரே ரூட்டரின் அமைப்பைத் திருத்துகின்றனர் என்று கொள்வோம். முன்னவர் பாதி திருத்தியதைப் பின்னவர் அறியாமல் மாற்றிவிட்டால் அதனை நம்பியிருக்கும் ஊர்களின் இணைப்பே அறுந்துபோகலாம். தேர்வு முடிவும் வாராது. ரயில் முன்பதிவும் நடவாது.

இதனைத் தவிர்க்கவே 2006-இல் வெளிவந்து, 2011-இல் திருத்தம் பெற்ற நெட்கான்ஃப் நெறிமுறை பூட்டு என்னும் ஏற்பாட்டைத் தந்துள்ளது. நுழையும் ஒவ்வொருவரின் அமர்வுக்கும் ஓர் எண் உண்டு. ஒருவர் பூட்டைப் பெற்றுவிட்டால் மற்றவர் திருத்த இயலாது. பூட்டுக் கேட்பவருக்கு, அது எந்த அமர்வின் கையில் இருக்கிறது என்னும் விடை கிடைக்கும்.

விழுப்புரம் சந்திப்பைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஒற்றைத் தண்டவாளத் தடங்களில் டோக்கன் முறை இருந்ததன்றோ! ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை அத்தடத்திற்கு மறு டோக்கன் வெளிவராது. டோக்கன் இன்றி ஓட்டுநர் வண்டியைச் செலுத்தவும் மாட்டார்.

"நமக்குள் பூட்டு எதற்கு? நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பாரும் உளர். பூட்டு ஐயத்தின் அடையாளம் அன்று. பிறர் உழைப்புக்கு நாம் தரும் மதிப்பு.

ஆயினும் பூட்டியவர் திறக்க மறந்தால்? அமர்வு அறுந்தால் பூட்டு தானே விடுபடும். வரைவு அமைப்பைப் பூட்டியிருந்தால் அதில் முடிவுறாத திருத்தங்களும் நீக்கப்படும். ஆனால் அமர்வைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்பவரை என்ன செய்வது? அவர் பூட்டுக்கு இந்நெறிமுறை கால எல்லை வகுக்கவில்லை. பிறர் அமர்வை முடித்துவைக்கும் கட்டளை ஒன்று உண்டு. வெளிப்படையான இசைவு பெறாதவருக்கு அதனை மறுப்பதே அணுகல் விதிகளின் இயல்பு. அது நன்றே. எனினும், இசைவு பெற்றவரும் எடுத்த எடுப்பிலேயே அதனை ஏவலாகாது. "ஐயா, வேலை முடிந்ததா?" என்று தொலைபேசியில் ஒரு சொல் கேட்பதே முறை. பாதி வேலையில் ஒருவரை வெளியேற்றுவது, எழுதிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து எழுதுகோலைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

மாணவ நண்பர்களே! பூட்டைப் பற்றி இயக்க அமைப்புப் பாடத்தில் படிக்கிறோம்; தேர்வில் எழுதுகிறோம்; பின் மறந்தும் விடுகிறோம். நெட்டோபியர்2 போன்ற கட்டற்ற மென்பொருளை லினக்ஸ் கணினியில் நிறுவி, இருவர் இருவராக அமர்ந்து, பூட்டவும் திறக்கவும் பயில நம் ஆய்வகத்தில் சில மணி நேரம் ஒதுக்கப்படவேண்டும் என்பதே என் வேண்டுகோள். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழி காட்டவேண்டும்.

நாளை இவ்வலைகளைக் காக்கப்போவோர் நாமே. தேவைக்குப் பூட்டுவோம், சிறிது நேரமே வைத்திருப்போம், மறவாமல் திறப்போம்!